நாம் தனியர் அல்லோம்

மக்களை வருத்தும் நோய் இருவகைப்படும். ஒன்று உடல்நோய், மற்றொன்று உளநோய். உடலில் நோயுற்றவனைக் காணச் சுற்றத்தார் திரண்டு வருவர். பழமும் பாலும் கொணர்ந்து தலைமாட்டில் வைப்பர். அவன் நலம் பெற்று எழுந்தால், "பிழைத்து வந்தாயே, அது போதும்" என்று மகிழ்வர். உள்ளத்தில் நோயுற்றவன் நிலை அன்னதன்று. அவனைக் காண வருவோர் மிகச் சிலரே. நோய் தணிந்து இல்லம் திரும்பினாலும் ஊரார் அவனைப் பழைய கண்கொண்டே பார்ப்பர். அவனிடம் ஒரு வேலையை ஒப்படைக்க அஞ்சுவர். அவன் வீட்டில் பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் தயங்குவர். நோய் தந்த துன்பம் ஒரு பங்கு. நோய் தணிந்த பின்னர் வந்து சேரும் தனிமையின் துன்பம் மற்றொரு பங்கு. முன்னதற்கு மருத்துவர் உளர், மருந்தும் உண்டு. பின்னதற்கு மருந்து யாது?

துன்புற்றவரைக் கண்டு இரங்குதல் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையில் புகார் நகரத் தெருவிலே பித்தன் ஒருவன் வருகின்றான். கந்தலும் தழையும் உடுத்து, தன் நிழலோடு தானே மாறுகொண்டு திரிகின்றான். நகர மாந்தர் அவனை எள்ளி நகைத்ததாகச் சாத்தனார் கூறவில்லை. அவன் துயரம் கண்டு வருந்தி நின்றதாகவே கூறுகின்றார். இஃது உயர்ந்த பண்பே. எனினும் அவர்கள் நின்றார்கள். அவன் தனியே நடந்தான். கண்டு வருந்துதல் ஒன்று; உடன் நடத்தல் வேறொன்று. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடந்தவர்கள் யார் என ஆராய்ந்தால், பெரும்பாலும் அத்துன்பத்தில் தாமே உழன்று மீண்டவர்களாகவே அவர்கள் இருப்பதைக் காண்கின்றோம். "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்னும் பழமொழி ஈண்டு நினைவுகூரத் தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டில், பாரிசு நகரத்தை அடுத்த பிசேத்ரு என்னும் மருத்துவ விடுதியில் உளநோயாளரைச் சங்கிலியால் பிணித்து வைத்திருந்தனர். தோல் பதனிடும் தொழிலாளியாகிய ழான் பப்திசுது புசேன் என்பவர் கண்டமாலை நோயுற்று அவ்விடுதிக்கு வந்தார். நலம் பெற்ற பின்னும் வெளியேறாமல் அங்கேயே பணியாளராக அமர்ந்து, காலப்போக்கில் உளநோயாளர் பகுதியின் கண்காணிப்பாளராக உயர்ந்தார். மருத்துவக் கல்வி கல்லாதவர். ஆயினும் நோயாளியாகப் படுத்திருப்பவனுடைய மனநிலையைத் தம் பட்டறிவால் அறிந்தவர். நோயாளரை அடித்தலாகாது என்று ஏவலாளர்க்குக் கட்டளையிட்டார். நோயிலிருந்து தேறியவர்களையே ஏவலாளராக அமர்த்துவதிலும் அவர் பெருவிருப்பம் கொண்டிருந்தார். துன்பம் இன்னதென்று அறிந்தவன் பிறரைத் துன்புறுத்தத் துணியான் அன்றோ? 1793ஆம் ஆண்டில் அவ்விடுதிக்கு மருத்துவராக வந்த பிலிப்பு பினேல் என்னும் பேரறிஞர், புசேனின் முறைகளைக் கண்டு வியந்து, அவற்றைத் தம் நூலிலும் போற்றி எழுதினார். 1797இல் புசேன் தம் பொறுப்பிலிருந்த நோயாளரின் சங்கிலிகளை அகற்றினார்.

இதன்பின் ஒரு நூற்றாண்டு சென்றது. அமெரிக்க நாட்டில் கிளிபோர்டு பியர்சு என்னும் இளைஞர் 1900ஆம் ஆண்டில் கடும் உளநோய்க்கு ஆளானார். மருத்துவமனைகள் மூன்றில் மாறி மாறி இருந்தார். ஏவலாளர் சிலர் இழைத்த கொடுமைகளையும் பட்டார். நலம் பெற்று வெளிவந்தபோது, "இது நாணத்தக்க செய்தி, எவரும் அறியாமல் மறைத்து வாழ்வோம்" என்று அவர் எண்ணவில்லை. தம் வரலாற்றை ஒளிவுமறைவின்றி எழுதி, 1908இல் நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே உளநலத்திற்கான தேசியக் குழு ஒன்று அமைவதற்கும் முன்னின்றார். உளநோயினின்று மீண்ட ஒருவர் தலைநிமிர்ந்து நின்று பேசவும் கூடும், அவர் பேச்சைக் கேட்டு நாடு திருந்தவும் கூடும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாயிற்று.

ஆயினும், ஒருவர் பேசுதல் வேறு. பலர் ஒருங்கு கூடுதல் வேறு. அக்கூட்டம் எவ்வாறு உருவாயிற்று என்பதை இனிக் காண்போம்.

நியூயார்க்கு மாநிலத்தில் இராக்குலாந்து என்னும் இடத்தில் மாபெரும் உளநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது. ஆயிரக்கணக்கான நோயாளர் அங்குத் தங்கியிருந்தனர். உளநோயைத் தணிக்கும் புதிய மருந்துகள் வழக்கிற்கு வந்தது 1950க்குப் பின்னரே. அதற்கு முற்பட்ட காலம் அது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கிருந்த நோயாளர் சிலர் ஓர் அறையில் கூடத் தொடங்கினர். நூல்களைப் படித்தனர், படம் வரைந்தனர், தத்தம் கதைகளை ஒருவர்க்கொருவர் கூறினர். மருத்துவமனையை விட்டு வெளியேறிய பின்னரும் இக்கூட்டத்தைக் கைவிடுதல் கூடாது என்று அவர்கள் உறுதி கொண்டனர்.

வெளியேறியவர்களை நியூயார்க்கு நகரம் எவ்வாறு வரவேற்றது? தங்குவதற்கு அறை கேட்டால், "இதுகாறும் எங்கிருந்தீர்?" என்று வீட்டுக்காரர் வினவினார். வேலை கேட்டால், "இடையில் இத்தனை ஆண்டுகள் என்ன செய்தீர்?" என்று முதலாளி வினவினார். உண்மையைக் கூறினால் கதவு மூடியது. பொய் கூறினால் நெஞ்சு சுட்டது. மருத்துவமனையின் மதிலுக்குள் இல்லாத தனிமை மாநகரத்தின் கூட்டத்திற்குள் இருந்தது.

இந்நிலையில் அவர்கள் கூடிய இடங்களுள் ஒன்று அந்நகரத்துப் பொது நூலகத்தின் வாயிற்படி. அங்கு இருமருங்கிலும் கல்லாலான சிங்கங்கள் இரண்டு வீற்றிருக்கின்றன. அவற்றிற்குப் 'பொறுமை' என்றும் 'மனத்திண்மை' என்றும் பொருள்படும் பெயர்களை நகர மக்கள் வழங்குகின்றனர். கட்டணம் கேட்பாரும் காரணம் கேட்பாரும் இல்லாத அப்படிகளில், பொறுமையும் திண்மையும் யாவரினும் மிகுதியாக வேண்டப்பட்ட அம்மனிதர்கள் அமர்ந்து உரையாடினர். புதிதாக வெளிவந்தவர்க்கு அறை தேடித் தந்தனர்; வேலை பார்த்துத் தர முயன்றனர். தம் கூட்டத்திற்கு அவர்கள் சூட்டிய பெயர், 'நாம் தனியர் அல்லோம்' என்பது. அப்பெயரின் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கூட்டி அதனை 'வானா' என்று சுருக்கியும் வழங்கினர்.

மருத்துவர் நோயாளியிடம் பலவற்றைக் கூறலாம். "இந்த மருந்தை உண்க" எனலாம். "நலம் பெறுவீர்" எனலாம். ஆனால், "எனக்கும் இவ்வாறே இருந்தது, நானும் அழுதேன், இதோ, இன்று எழுந்து நடக்கின்றேன்" என்னும் சொல்லை, அந்நோயில் பட்டு மீண்டவரே சொல்ல இயலும். அச்சொல்லைக் கேட்பவன் இரண்டு உண்மைகளை ஒருங்கே அறிகின்றான். தன் துன்பம் தனக்கு மட்டுமே நேர்ந்த இழிவன்று என்பது ஒன்று; இதற்கு ஒரு கரை உண்டு என்பது மற்றொன்று. சொல்பவரும் பயன் பெறாமல் இல்லை. தம்மைப் பிறர்க்குச் சுமை என்றே எண்ணியிருந்தவர், தம் துன்பமே பிறர்க்கு வழிகாட்டும் விளக்காவதைக் காணும்போது, இழந்த மதிப்பை மீண்டும் அடைகின்றார்.

1948ஆம் ஆண்டில், அன்புடையோர் சிலரின் துணையால், நகரத்தின் 47ஆம் தெருவில் அவர்களுக்கென ஓர் இல்லம் வாங்கப்பட்டது. அதன் தோட்டத்தில் நீரூற்று ஒன்று இருந்தமையால் அவ்வில்லத்திற்கு 'நீரூற்று இல்லம்' என்னும் பொருளில் 'பவுண்டன் அவுசு' என்று பெயரிட்டனர். படியில் கூடியவர்க்கு இப்போது கூரை கிடைத்தது.

ஆயினும் கூரை மட்டும் போதவில்லை. மாலையில் கூடிப் பேசிச் சிரித்தவர்கள், மறுநாள் காலையில் எழுந்தவுடன் செய்வதற்கு ஒரு வேலையுமின்றித் திகைத்தனர். உளநோயினின்று தேறுபவனுக்கு வெறும் பொழுதைப் போன்ற பகை வேறில்லை. 1955ஆம் ஆண்டில் இல்லத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற சான் பியர்டு என்னும் சமூகப் பணியாளர் இதனை உணர்ந்தார். அவர் காலத்தில் அவ்வில்லம் பகற்பொழுதெல்லாம் பணி நடக்கும் இடமாக வளர்ந்தது. சமைத்தல், பரிமாறுதல், கணக்கெழுதுதல், வருவோரை வரவேற்றல், செய்தித்தாள் அச்சிடுதல் ஆகிய பணிகள் யாவற்றையும் அங்கு வருவோரும் ஊழியரும் தோளோடு தோள் நின்று செய்தனர். அங்கு வருபவர் 'நோயாளர்' எனப்படுவதில்லை. 'உறுப்பினர்' என்றே அழைக்கப்படுகின்றார். பெயர் மாற்றம் சிறிதாயினும், நோயாளி பெற்றுக்கொள்பவன், உறுப்பினன் பங்குகொள்பவன்.

இவ்வகை இல்லங்களின் விதிகளுள் சில எண்ணி எண்ணி மகிழத்தக்கவை. உறுப்பினர் உதவியின்றி இல்லத்தின் வேலை நடவாதபடி, ஊழியர் தொகை வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகின்றது. இதனால், "நீ வாராவிடில் இன்று உணவு இல்லை" என்னும் நிலை உண்மையாகவே ஏற்படுகின்றது. பிறர்க்குத் தான் வேண்டியவன் என்று உணர்வதினும் சிறந்த ஊக்கம் யாது? ஊழியர்க்கு மட்டும் உரியதென்று எந்த அறையும் இல்லை. உறுப்பினர் சில நாள் வாராவிடில், மற்றோர் உறுப்பினர் அவரைத் தேடிச் செல்கின்றார். அல்லது தொலைபேசியில் அழைத்து நலம் வினவுகின்றார். பண்டிகை நாள்களை அந்தந்த நாளிலேயே இல்லத்தில் கூடிக் கொண்டாடுகின்றனர். ஊரெல்லாம் விளக்கேற்றி மகிழும் அந்நாளன்றோ, தனித்திருப்பவன் நெஞ்சு மிகுதியாக வாடும் நாள்! உறுப்புரிமைக்குக் கால எல்லை இல்லை. நோய் மீண்டும் வந்து மருத்துவமனைக்குச் சென்றவரும், திரும்பி வருங்கால் தம் இடம் தமக்காகக் காத்திருப்பதைக் காணலாம்.

வேலை பெறுதற்கும் அவர்கள் ஒரு வழி கண்டனர். நகரத்திலுள்ள தொழில் நிலையங்களோடு இல்லம் உடன்படிக்கை செய்துகொள்கின்றது. ஒரு வேலையிடம் ஒருவர்க்கு ஏறத்தாழ ஆறு திங்கள் முதல் ஒன்பது திங்கள் வரை அளிக்கப்படும். உரிய ஊதியத்தைத் தொழில் நிலையமே அவருக்கு வழங்கும். ஒருநாள் அவர் நோயால் வர இயலாவிடில், இல்லத்திலிருந்து ஊழியரோ மற்றோர் உறுப்பினரோ சென்று அன்றைய வேலையை முடித்துத் தருவர். முதலாளிக்கு இழப்பில்லை, உறுப்பினர்க்கு அச்சமில்லை. ஒருவன் விழுந்தால் அவன் சுமையை மற்றொருவன் தாங்குகின்றான். அவன் எழுந்தபின் சுமை மீண்டும் அவன் தோளுக்கே வருகின்றது. இரக்கத்தால் சோறிடுதலினும், நம்பிக்கையால் வேலை தருதல் மேலானது என்பதை இம்முறை விளக்குகின்றது.

இம்முறை பின்னர்ப் பல நாடுகளிலும் பரவியது. 1971ஆம் ஆண்டில் பாகிசுத்தானத்தின் இலாகூர் நகரத்திலும் 'பவுண்டன் அவுசு' என்னும் பெயராலேயே ஓர் இல்லம் தோன்றியது. இன்று இம்முறையைப் பின்பற்றும் இல்லங்கள் உலகில் 300க்கும் மேற்பட்டு உள்ளன. 2014ஆம் ஆண்டில், மக்கட்பணிக்கென வழங்கப்படும் இல்டன் பெரும்பரிசு நீரூற்று இல்லத்திற்கும் அதன் உலகளாவிய அமைப்பிற்கும் அளிக்கப்பட்டது. நூலகப் படியில் ஒதுங்கியவர்கள் தொடங்கிய கூட்டத்தின் பயன் இது.

செல்வம் மிகுந்த நாட்டில் இல்லம் வாங்க இயலும். வறிய நாட்டில் என் செய்வது எனின், அதற்கும் விடை உண்டு. ஆப்பிரிக்காவிலுள்ள சிம்பாபுவே நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தும் உளநோய் மருத்துவர் ஏறத்தாழப் பன்னிருவரே இருந்தனர். அவருள் ஒருவரான திக்சன் சிபாந்தா 2006ஆம் ஆண்டில், தலைநகர் அராரேயின் இம்பாரே என்னும் பகுதியில் பதினான்கு பாட்டியரைத் துணைகொண்டு ஒரு முயற்சியைத் தொடங்கினார். அப்பாட்டியர் ஊராரின் துயரங்களை நன்கு அறிந்தவர். அவற்றுள் பலவற்றைத் தாமும் பட்டவர். மருத்துவ நிலையத்தின் புறத்தே, மரநிழலில், ஒரு மரப்பலகை இருக்கை இடப்பட்டது. முதலில் அதற்கு உளநலப் பலகை என்று பெயரிட எண்ணினர். "அப்பெயரிட்டால் அதில் ஒருவரும் அமரார்" என்று பாட்டியர் கூறவே, 'நட்புப் பலகை' என்று பெயர் மாற்றப்பட்டது. உளச்சோர்வைச் 'சோனா' மொழியினர் 'குபுங்கிசிசா' என்பர்; 'மிகையாக எண்ணுதல்' என்பது அதன் பொருள். அச்சொல்லாலேயே பாட்டியர் பேசினர். வருபவன் குறையை முழுதும் கேட்டு, பல குறைகளுள் ஒன்றை அவனே தேர்ந்தெடுத்து, அதற்குத் தானே வழி காணுமாறு உதவினர்.

ஆறுமுறை அப்பலகையில் அமர்ந்து பேசும் இம்முறையை அறிஞர் ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 24 மருத்துவ நிலையங்களில் 573 பேர் அவ்வாய்வில் கலந்துகொண்டனர். ஆறு திங்கள் கழித்துப் பார்க்கையில், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு 50 பேரிடம் உளச்சோர்வின் குறிகள் காணப்பட்டன. பலகையில் அமர்ந்து பேசியவருள் நூற்றுக்கு 14 பேரிடமே அவை காணப்பட்டன. பலகையை விட்டு எழுந்தவர்கள் தனித்தனியே கலைந்து சென்றுவிடுவதும் இல்லை. 'ஒருங்கு கைகோத்தல்' என்னும் பொருளுடைய வட்டம் ஒன்றில் சேர்கின்றனர். கழித்த பிளாசுடிக்கு இழைகளைக் கொண்டு பைகள் பின்னி விற்கின்றனர். கை பின்னிக்கொண்டிருக்க, வாய் தன் கதையைக் கூறுகின்றது, காதுகள் கேட்கின்றன.

இவற்றால், மருந்தும் மருத்துவரும் வேண்டா என்று எவரும் கருதுதல் தவறு. கடும் உளநோய்க்கு மருத்துவம் இன்றியமையாதது. நீரூற்று இல்லத்து உறுப்பினரும் மருத்துவரிடம் செல்பவரே. நட்புப் பலகைப் பாட்டியரும் நோய் மிக்கவரை மருத்துவரிடம் அனுப்புபவரே. கூடியிருந்தும் தேறாதவர் உண்டு; தேறியும் மீண்டும் வீழ்பவர் உண்டு. கால் முறிந்தவனுக்குக் கட்டுப்போடுதல் மருத்துவர் கடமை; கட்டு அவிழ்ந்தபின் அவன் நடந்து பழகும்போது தோள் கொடுத்தல் தோழர் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இந்திய நாடும் இவ்வுண்மையைச் சட்டத்தால் ஏற்றுக்கொண்டுள்ளது. 2017ஆம் ஆண்டின் உளநல மருத்துவச் சட்டம், உளநோயுற்றவர் சமூகத்தின் நடுவே, அதன் ஓர் உறுப்பாக வாழும் உரிமை உடையவர் என்று கூறுகின்றது. குடும்பம் ஏற்கவில்லை என்பதனாலோ வீடில்லை என்பதனாலோ மட்டும் ஒருவரை மருத்துவ விடுதியிலேயே வைத்திருத்தல் கூடாது என்பதும் அச்சட்டத்தின் கருத்து. சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே வருபவனை "வா, அமர்" என்று அழைக்க வேண்டியவர் மக்களே.

திருவள்ளுவர் நட்பின் இயல்பை விரித்துரைக்க ஐந்து அதிகாரங்களை வகுத்தார். நட்பு வாழ்க்கைக்கு அணிகலன் மட்டுமாயின், அத்துணை விரிவு வேண்டுவதில்லை. அது வாழ்வைத் தாங்கும் தூண் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

மாணவர்களும் இவ்வகையில் செய்யத்தக்கன சில உண்டு. உளம் நொந்தவரைப் 'பைத்தியம்' என்று அழையாதிருத்தல் முதற் கடமை. தோழன் ஒருவன் தன் துயரை வெளியிடும்போது, இடைமறித்து அறிவுரை கூறாமல் இறுதிவரை கேட்டல் இரண்டாவது. அவன் கூறியதை ஊரறியப் பரப்பாதிருத்தல் மூன்றாவது. ஆயின், "வாழ விருப்பமில்லை" என்பது போன்ற சொல் அவன் வாயில் பிறக்குமாயின், அதனை மறைத்து வைத்தல் நட்பாகாது. அன்றே, அப்பொழுதே, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ கூறுதல் வேண்டும். இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 'டெலி மானசு' என்னும் உளநலத் தொலைபேசி உதவியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் நாடலாம்.

நூலகப் படியும் மரப்பலகையும் பெரும்பொருள் செலவிட்டு அமைத்தவை அல்ல. ஒருவர் அமர்ந்து, அருகில் மற்றொருவர்க்கு இடம் விட்டதனாலேயே அவை சிறப்புப் பெற்றன. ஒவ்வொரு வகுப்பிலும் பலகைகள் உள்ளன. நீண்ட நாள் வாராதிருந்து, ஒருநாள் வாடிய முகத்தோடு வாயிலில் வந்து நிற்கும் தோழனுக்கு, சற்று நகர்ந்து அமர்ந்து, "இங்கே வா" என்று இடமளித்தல் எவர்க்கும் அரிய செயலன்று.